ஆறு ரேசர்களும் மடுல்சீமைக் கத்தியும்

1

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் ஆறு ரேசர்கள் இருக்கின்றன. முகம் ஒன்றுதான். பதுளையிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் கனடாக்காரனின் செழிப்பு என்று நினைக்கக்கூடும். செழிப்பு அல்ல. ஒன்று சரிவராமல் இன்னொன்றை வாங்கி, அதுவும் சரிவராமல் அடுத்ததை வாங்கியதில் சேர்ந்த குப்பை.

இன்றோடு என் மகன் நவீனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். காலையில் அவனை அழைத்து வாழ்த்துச் சொல்வதற்கு முன், வழக்கம்போல் முகம் மழிக்க நின்றேன். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு வேண்டாத நினைவெல்லாம் வரும். அதனால்தான் இந்தக் குறிப்பு. இதை என் மகனால் வாசிக்க முடியாது. தமிழ் எழுத்து தெரியாது. அப்புத்தளையில் பிறந்து வளர்ந்த மருமகளால் முடியும். அவளுடைய அப்பா இந்த இதழை மாதா மாதம் வாங்குகிறவர். இரண்டையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரேசர்கள். வாகன அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் பரிசீலித்து, காரணம் எழுதி நிராகரித்துப் பழகிய கை. ரேசர்களும் அந்த வரிசையில்தான் வந்து நின்றன.

ஐந்து பிளேடு வைத்த ரேசர்: ஒரு முடியை ஐந்து முறை வெட்டுகிறது. ஐந்தாவது வெட்டு தோலுக்குள்ளேயே நடக்கிறது. மூன்றாம் நாள் கழுத்து முழுக்கச் சிவப்புப் பரு. நிராகரிக்கப்பட்டது. சல்லடைத் தகடு வைத்த மின்சார ரேசர்: புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம், வேலை மட்டும் அந்த அளவுக்கு இல்லை. தாடைக்குக் கீழே எப்போதும் நாலு முடியை விட்டுவைக்கும். மூன்று வட்டம் சுழலும் இன்னொரு மின்சார ரேசர்: கன்னத்தைக் கிள்ளும். சிறு வயதில் உறவுக்காரர்கள் கிள்ளியது போதும்.

இரும்பில் செய்த, ஒற்றை பிளேடு போடும் பழைய மாதிரி ரேசர்தான் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது. ஆனால் எனக்கு இதயத்துக்கு மாத்திரை. இரத்தம் கட்டாமல் இருக்க அதை விழுங்குகிறேன். ஒரு கீறல் விழுந்தால் கால் மணி நேரம் நிற்காது. முதல் நாளே மேல் உதட்டில் கீறிக்கொண்டு, துவாலையை அழுத்தியபடி காலைச் செய்தி முழுவதையும் கேட்டு முடித்தேன். மருத்துவர் சிறு பெண். என் உதட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் வயதில் தாடி வளர்க்கலாமே, அழகாக இருக்கும்" என்றாள். என் வயதில் அழகாக இருக்கச் சொல்கிறவர்கள் எல்லாரும் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

ஐந்தாவதும் ஆறாவதும் என் மகனால் வந்தவை. அதற்கு முன் பதுளைக்குப் போக வேண்டும்.

2

மாற்று ரேசர் தேடும் பழக்கம் கனடாவில் வந்ததல்ல. என் முதல் ரேசரைப் பதினேழு வயதில் பதுளை பசாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கினேன். எங்கள் அப்பாவைத் தெரிந்த கடை. அவர் படிகாரமும் சோப்பும் அங்கேதான் வாங்குவார்.

"ஒங்க அப்பாட கத்தி ஈக்க, இதென்னத்துக்கு மகன்?" என்று கேட்டார் நானா.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துதான் கேட்டார். எனக்கும் தெரிந்திருந்தது. அப்பா கையால் மழித்துக்கொள்ளாத ஒரு முகம் எனக்கு வேண்டியிருந்தது. அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் நாவிதர்.

தோட்டத்தில் அவருக்கு மற்றவர்களைப் போல மலை வேலையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போவார். அடைப்பம் என்று சொல்லும் தோல் பையில் இரண்டு கத்தி, ஒரு கத்தரி, தீட்டும் பட்டை, பித்தளைக் கிண்ணம். பெரிய கங்காணிக்கு அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சவரம். மற்றவர்களுக்கு லயத்துக் கோடியில், கல் மேல். கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு, சாவு என்றால் பிணத்துக்கும் பிள்ளைகளுக்கும். கீழ்க்கோடி லயத்துக்கு மட்டும் அப்பா போக மாட்டார். அவர்களுக்கு அவர்களிலேயே ஒரு கிழவர் செய்தார். எங்களுக்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள் என்பதில் அப்பாவுக்கு இருந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நிம்மதியோடுதான் அவர் கங்காணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

எனக்கு ஆறு வயது மூத்தவர் பெருமாள் அண்ணன். பத்து வயதிலேயே கிண்ணம் தூக்கினார், பதினைந்தில் கத்தி எடுத்தார். வீட்டில் ஒருவன் படித்தால் போதும் என்று முடிவானபோது, படிக்கிறவன் நான் என்று முடிவு செய்தவரும் அவர்தான். பதுளைக் கல்லூரியில் நான் முதல் மூன்று பேருக்குள் வருவேன். அப்போதும் கங்காணி மகன் விடைத்தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "சிரைக்கிற பயலுக்கு எதுக்குடா அல்ஜிப்ரா?" என்பான். அவனுக்கு அல்ஜிப்ராவும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. அது ஆறுதல் என்று அப்போது நினைத்தேன்.

நானா கடையில் வாங்கிய ரேசரை அப்பாவிடம் காட்டினேன். வேண்டுமென்றே காட்டினேன் என்று சொல்வதே சரி. அவர் பிளேடைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

"கீழேருந்து மேல இழுக்காத. பரு வரும்" என்றார். அதன்பிறகு என் முகத்தை அவர் தொடவில்லை.

3

நாடு எரிந்த காலத்தில் நான் பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞன். ஊரைவிட்டு ஓடுகிறவனுக்கு ஒரே ஒரு வசதி உண்டு. போய்ச் சேர்கிற இடத்தில் தன்னைப் பற்றி முதல் தடவையாகச் சொல்லலாம். கனடாவில் நிரப்பிய முதல் படிவத்திலேயே தந்தையின் தொழில் என்ற இடம் இருந்தது. 'கணக்கப்பிள்ளை' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அதை எழுத மூன்று சொற்கள் தேவைப்பட்டன. மூன்றையும் பிழையில்லாமல் எழுதினேன். ஒரு படிவத்தில் எழுதியதை அடுத்த படிவத்திலும் அப்படியே எழுத வேண்டும், முரண் இருந்தால்தான் கேள்வி வரும். இது நடைமுறை. கல்யாணப் பதிவிலும் அதையே எழுதினேன். ஹட்டனில் ஆசிரியையாக இருந்தவர் என் மனைவி. பின்னாளில் அண்ணனிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிரித்து வாசித்து, மடித்து, அதே உறையில் போட்டு என் மேசையில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் இறந்துபோகும் வரை கேட்கவில்லை. அது பெருந்தன்மையா தண்டனையா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

இங்கே எங்கள் பகுதியில் மூத்தோர் சங்கம் ஒன்று உண்டு. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். சேர்ந்த அன்றே ஒருவர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, "நீங்கள் தோட்டப் பக்கமோ?" என்றார். "பதுளை டவுன்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். கீழே வைக்க ஒருவன் கிடைப்பான் என்று எதிர்பார்த்தவர். அவருடைய ஓய்வூதியப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வைக்க மறந்துவிட்டு வந்து நிற்பார். ஒவ்வொரு வருடமும் அவரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுச் சொல்வேன்.

அப்பா இறந்தபோது எனக்கு இங்கே நிரந்தர வதிவுரிமை இன்னும் தீர்மானமாகவில்லை. பதுளையில் ஒரு கடையிலிருந்து அண்ணன் தொலைபேசியில் பேசினார். அப்போதெல்லாம் நிமிடக் கணக்குப் பேச்சு.

"தம்பி, வர ஏலுமா?"

"விண்ணப்பம் முடியாம வெளிய போகக் கூடாதுண்ணே. போனா திரும்ப விட மாட்டாங்க. சட்டம்."

"சட்டம்னா சரி" என்றார். "அப்பாவுக்கு நானே செஞ்சிர்றேன்."

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நெருங்கிய உறவினர் சாவுக்குப் போய்வர அனுமதி கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு, இரண்டு பக்கம். அந்தப் படிவத்தின் எண்ணைக்கூட நான் அறிவேன். போயிருந்தால் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். சங்கத்தில் கேட்பார்கள். ஆனால் அது காரணமல்ல. போயிருந்தால் லயத்து வாசலில், எல்லார் கண் முன்னாலும், அப்பாவின் கத்தியை அண்ணன் என் கையில் கொடுத்திருப்பார்.

4

நவீனுக்கு முப்பத்து மூன்று வயது. கணினிக்காரன். ஆறு வருடமாகத் தாடி வைத்திருந்தான். எண்ணெய், சீப்பு, தனி சோப்பு என்று அதற்கு ஒரு குடும்பச் செலவு. தமிழில் அம்மா, அப்பா, தம்பி, தங்கச்சி, சாப்பாடு, போதும் ஆகிய சொற்கள் தெரியும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் ஊரில் யாரிடமாவது எதையாவது கேட்டிருப்பான். அந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே அடைத்தேன். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று சங்கத்தில் மற்றவர்கள் புலம்பும்போது நானும் தலையாட்டுவேன்.

ஒருநாள் அவன் சனிக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கினான். என்ன வகுப்பு என்றேன். சவரக் கத்தி பிடிக்கும் வகுப்பு என்றான். பணம் கட்டி, நாலு சனிக்கிழமை, முடிவில் சான்றிதழ். எங்கள் அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லை.

முதலில், அரை பிளேடைச் செருகும் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தான். அது ஐந்தாவது. பிறகு மாட்டுக் கொம்புப் பிடி போட்ட, மடக்கும் அசல் கத்தி. அது ஆறாவது, எனக்குப் பிறந்தநாள் பரிசு. தோல் பட்டையைக் குளியலறைக் கதவில் மாட்டி, பத்து முறை தீட்டிக் காட்டினான். முதல் முறையே கத்தியின் வாயைத் திருப்பத் தெரியாமல் பட்டையைக் கீறினான்.

"அப்பா, முப்பது பாகைச் சாய்வு. கட்டை விரல் இங்கே. பயப்பட வேண்டாம்."

கத்தியை வாங்கினேன். கட்டை விரல் தானாகப் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கிருந்து அதை நகர்த்தி, கரண்டி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

"அப்படி இல்லை, அப்பா!" என்று சிரித்தான். என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, சரியான இடத்தில் வைத்தான். ஒரு நாவிதரின் மகனுக்கு அவன் மகன் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். நான் சரியாக மூன்று முறை தவறு செய்தேன். நான்காவது முறை சரியாகப் பிடித்ததும் முதுகில் தட்டினான்.

"இந்தப் பழைய விஷயமெல்லாம் உங்கள் ஊரில் இருந்திருக்கும், இல்லையா? தாத்தாவுக்கு யார் செய்வார்கள்?"

"வீட்டுக்கு ஆள் வரும்" என்றேன்.

5

பெண் தர்ஷினியை அவன் இங்கே பல்கலைக்கழகத்தில் சந்தித்தான். அவள் அப்பா தியாகராஜா, அப்புத்தளைப் பக்கம் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது தேயிலைத் தொழிற்சாலையை நடத்தியவர். தொலைபேசியில் என்னிடம் முதல் கேள்வியாகவே, "அப்பா எந்தத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தாங்க?" என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூடிப்போன ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பதிவேடு இல்லாத இடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணம் பண்டாரவளையில். மாப்பிள்ளை வீட்டுக்காகச் சம்பந்தியே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது நம் வழக்கம் என்பதை நவீன் எங்கேயோ காணொளியில் பார்த்திருக்கிறான். பிளேடு மாற்றும் கத்தி ஆகாது, அசல் கத்திதான் வேண்டும் என்று பிடிவாதம். பண்டாரவளை சலூன்களில் அப்படி யாரும் இல்லை. நோய் பயத்தில் எல்லாரும் அரை பிளேடுக்கு மாறிப் பல வருடமாகிறது.

மூன்று நாள் முன்னதாகச் சம்பந்தி வெற்றியோடு வந்தார்.

"ஆள் கெடைச்சிருச்சு சம்பந்தி. மடுல்சீமைப் பக்கம் ஒரு கெழவன். இன்னும் எழவு வீட்டுக்கெல்லாம் போறானாம். பெருமாளுன்னு பேரு."

நல்லது என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனை அழைத்தேன். அவருடைய எண் என் தொலைபேசியில் 'இதர' என்ற பெயரில் இருந்தது.

"அண்ணே, நான்தான்."

"யாரு?"

"தம்பி."

"கனடாவா?"

"இல்ல. பண்டாரவளையில இருக்கேன்."

"எப்ப வந்த?"

"பதினோரு நாளாச்சு."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்கு நான் எந்தப் படிவத்திலும் பதில் கண்டதில்லை.

"ஒரு மாப்பிள்ளைக்குச் செய்யக் கூப்பிட்டிருக்காங்களாமே ஒன்ன?"

"ஆமா. டீமேக்கர் வீட்டு மாப்பிள்ளை. வெளிநாடாம்."

"அது என் மகன்ணே."

அவர் வீட்டுச் சமையலறையில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்றது. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருப்பார்.

"வேற யாரையாச்சும் அனுப்ப முடியாதா?" என்றேன்.

"வேற எவன் இருக்கான்? எம்மவனே கொழும்பு சலூன்ல மிசின் புடிக்கிறான்."

"நீ வந்தா தெரிஞ்சிரும்."

"எப்படித் தெரியும்?"

"மூக்கு" என்றேன். எங்கள் இருவருக்கும் அப்பாவின் மூக்கு, நடுவில் ஒரு மேடு.

அண்ணன் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "போடா. கத்தியோட வர்றவன் மூக்க எவன்டா பாத்தான்? கத்தியத்தான் பாப்பாங்க. எத்தன வருசமா நா அந்த வேல பாக்கிறேன்."

"வேணாம்ணே. கல்யாணம் நின்னுரும்."

"வர்றேன்னு வாக்குக் குடுத்திட்டேன். குடுத்த வீட்டுக்குப் போகலேன்னா நாளைக்கி எழவுக்குக்கூட ஒருத்தன் கூப்பிட மாட்டான்." குரலை இறக்கிச் சொன்னார். "தம்பி, ஒன் மவன் மொகத்தப் பாக்க இது ஒன்னுதான் எனக்கு வழி. அதையும் வேணாங்கிறியா?"

"பேசாம செஞ்சிட்டுப் போயிரணும்."

"நா எப்பப் பேசினேன்?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

6

பசறை வழியாகப் பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பண்டாரவளைக்கு இன்னொன்று. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சாரம், முழுக்கைச் சட்டை, கையில் பழைய தோல் பை. என்னைத் தாண்டிப் பார்த்து, சம்பந்தியிடம் கும்பிட்டார்.

"வாப்பா பெருமாளு, டீ குடிச்சியா?" என்றார் சம்பந்தி. என்னைவிட நாலு வயது இளையவர், அண்ணனுக்கு எழுபத்தாறு. வீட்டில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பை வந்தது. அண்ணனுக்குக் காகிதக் கோப்பை. குழாயடிக்குப் போய் நின்று குடித்தார்.

"அங்கிள், இங்கே வந்து உட்காருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி நவீன் நாற்காலியை இழுத்தான். அவன் எல்லாக் கிழவர்களையும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான்.

"அவனுக்கு நாற்காலி வேணாம் மாப்ள, பழக்கமில்ல" என்றார் சம்பந்தி. என்ன சொல்கிறார் என்று நவீன் என்னைப் பார்த்தான். நிற்பதே அவருக்கு வசதியாம் என்று சொல்லிவைத்தேன்.

பங்களாவின் பின்புறம், சைப்பிரஸ் மரத்தடியில் நவீனை உட்கார வைத்தார்கள். அண்ணன் முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். பிறகு சோப்பைக் கிண்ணத்தில் அடித்து நுரை போட்டார். கத்தியைப் பட்டையில் தீட்டி, கடைசியாக நாலு முறை உள்ளங்கையில் தேய்த்தார். அதைப் பார்த்து நவீன் வாய் பிளந்தான். அவன் சான்றிதழில் அது இல்லை.

தாடி பகுதி பகுதியாக விழுந்தது. வலது கன்னம், தாடை, இடது கன்னம். ஆறு வருடமாக நான் பார்க்காத முகம் வெளியே வந்தது. தாடை முழுக்கத் தெரிந்தபோது அண்ணனின் கை நின்றுவிட்டது. அது எங்கள் அப்பாவின் தாடை. வலப்பக்கம் சற்றே கோணல், நடுவில் ஒரு குழி. அண்ணன் இரண்டு விரலால் அந்தக் குழியைத் தொட்டார். நுரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தொட்டார்.

"என்னப்பா, முடிஞ்சுதா?" என்றார் சம்பந்தி.

"நல்ல தாடைங்க" என்றார் அண்ணன். "கத்திக்கு ஏத்த தாடை."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சம்பந்தி முறை தெரிந்தவர். "சம்பந்தி, நீங்களும் உக்காருங்க. மாப்பிள்ளைக்கு அப்புறம் மாப்பிள்ளையோட அப்பாவுக்கும் ஒரு கை போடணும்." அவர் காதோரம் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன், மருத்துவர் கத்தி கூடாது என்றதையும் சொன்னேன். அதற்குள் வாசலில் பூக்காரன் வேன் வந்து ஹார்ன் அடித்தது. "பெருமாளு, சார பாத்து செய்" என்று சொல்லிவிட்டு, அவர் தம் ஆட்களோடு முன்பக்கம் போனார். பின்புறத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

உட்கார்ந்தேன்.

அண்ணனின் இடது கை என் தலையைச் சாய்த்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது, அந்த வீட்டுக் கை என்னைத் தொட்டு. நுரை வெதுவெதுப்பாக இருந்தது. கத்தி காதோரம் இறங்கியது. இழுப்பு இல்லை, சத்தம் இல்லை, ஈரத் துணியால் துடைத்ததுபோல் போய்க்கொண்டே இருந்தது. எழுபத்தாறு வயதுக் கை. ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருப்பதை அருகில்தான் பார்த்தேன். தொண்டைக்கு வந்ததும் கத்தி அசையாமல் நின்றது.

"எச்சி முழுங்காதீங்க சார்" என்றார்.

முழுங்காமல் இருந்தேன். அழுத்தியிருந்தால் என்னைக் காப்பாற்ற எந்த மருந்தும் கிடையாது. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். கோபமாவது படட்டும் என்று காத்திருந்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சவரம் எனக்கு வாய்த்ததில்லை. ஆறு ரேசரும் சேர்ந்தால்கூட அதன் பக்கத்தில் நிற்காது.

படிகாரம் தடவிக்கொண்டிருந்தபோது நவீன் எதிரே வந்து குந்தினான்.

"அப்பா, அவரிடம் கேளுங்கள். யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?"

எந்தக் கவுண்டரிலும் நான் பிறர் கேள்வியைத் திரித்ததில்லை. கேட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கிறாரு."

"எங்கப்பா."

சொன்னேன்.

"அவர் குடும்பத்தில் வேறு யாராவது இதைச் செய்கிறார்களா? கூடப் பிறந்தவர்கள்?"

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு கேக்கிறாரு."

அண்ணன் கத்தியைத் துணியில் துடைத்தார். "ஒரு தம்பி" என்றார்.

தம்பி என்ற சொல் என் மகனுக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள், "தம்பி! இளைய சகோதரன்!" என்று மகிழ்ந்துபோனான். "அவர் எங்கே இருக்கிறார்?"

கேள்வியை அண்ணனிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். நல்ல கண்ணாலும் வெள்ளை விழுந்த கண்ணாலும் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க சார்?"

முன்பக்கத்தில் சம்பந்தியின் குரல் பூக்காரனை விரட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். நவீன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் படிகாரம் எரிவதாகச் சொல்லிக் கன்னத்தைத் துடைத்தேன்.

அண்ணன் காத்திருந்தார். பிறகு, பிடிவாதம் பிடிக்கும் சின்னப் பையனுக்கு வழி விடுவதுபோல் சொன்னார். "செத்துட்டான்னு சொல்லுங்க."

சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள் போதும்.

நவீனின் முகம் வாடிவிட்டது. மழித்த முகத்தில் எதுவும் மறைவதில்லை. எழுந்து போய் அண்ணனின் நுரை படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவரிடம் சொல்லுங்கள், அப்பா. அவர் தம்பிக்காக நான் மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள்."

"தம்பி செத்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறாராம்" என்றேன்.

"பரவால்லீங்க. ரொம்ப வருசமாச்சு." அண்ணன் என் மகனின் பிடியிலிருந்து கையை விடுவிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டிருந்தார். "நல்லாப் படிச்சவன்னு சொல்லுங்க. வீட்டுலயே அவன் ஒருத்தன்தான் படிச்சான்."

அதையும் மொழிபெயர்த்தேன்.